பதினெட்டுக்கு முன்னால் ஒரு கோடு

கோடு போட்டது அவர் கைதான். அதில் இஞ்ஞாசிமுத்துவுக்குச் சந்தேகம் இல்லை. இடப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து வலப்பக்கம் ஏறுகிற கோடு. வாசல் கேட்டுக்கு வருகிற எந்த லாரி டிரைவரிடம் காட்டினாலும் இது அண்ணாச்சி போட்டது என்று சொல்லிவிடுவான். எதற்காகப் போட்டார் என்பதுதான் தெரியவில்லை. பதினேழு நாளாக யோசித்தும் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தக் கதவைத் திறந்து உள்ளே கூப்பிடுவார்கள், அப்போது தெரிந்தாக வேண்டும். தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டிய கன்டெய்னர் யார்டு அது. அதன் அலுவலக மாடி வராந்தாவில் நாலு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. கதவை ஒட்டியதில் அவர் உட்கார்ந்திருந்தார், நடுவில் இரண்டு காலி, கடைசியில் பியூலா. மணி இரண்டு நாற்பது. இரண்டரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவர் இரண்டு ஐந்துக்கே வந்துவிட்டார். பின்னால் வந்த பியூலா "அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தவள், கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். இதுவரை பதினொரு தடவை. அவர் வேண்டுமென்று எண்ணவில்லை. காதில் விழுந்தால் எண்ணிக்கை தானாக ஏறிவிடுகிறது. நாற்பத்தோரு வருடம் துறைமுகத்தில் மூட்டை எண்ணி, பெட்டி எண்ணி, லாரி எண்ணிப் பழகிய தலை. எட்டாவது வரை படித்த மனிதரை ஓய்வு வயது கடந்தும் கேட்டில் உட்கார வைத்திருந்தது அந்த ஒன்றுதான். இஞ்ஞாசி அண்ணாச்சி எழுதினால் தப்பாது. எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள், பதினேழு நாளுக்கு முன்பு வரை.

அதற்கு ஐந்து நாள் முன்னால் வந்தது ஒரு குளிர்ப்பெட்டி. ரீஃபர் என்பார்கள். நாற்பதடி நீளம், வெள்ளை நிறம், உள்ளே உறைய வைத்த கணவாய் மீன், ஆயிரத்து இருநூறு அட்டைப்பெட்டி. அதை மைனஸ் பதினெட்டு டிகிரியில் வைத்திருக்க வேண்டும். கேட்டில் பெட்டியைப் பார்த்துச் சீட்டு எழுதுவது அவர் வேலை. அவர் கேட் வேலையை எடுத்திருந்த கம்பெனியின் ஆள். சீட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது பியூலா வேலை; அவள் யார்டு கம்பெனி ஆள். அந்தப் பட்டியலைப் பார்த்து மின்பணியாளர்கள் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்து வெப்ப அளவை வைப்பார்கள். முன்பு அச்சடித்த சீட்டுப் புத்தகம் இருந்தது. வெப்பம் என்ற இடத்தில் பிளஸுக்கு ஒரு சின்னக் கட்டம், மைனஸுக்கு ஒரு சின்னக் கட்டம். ஒன்றில் டிக் போட்டால் போதும். மார்ச் மாதத்தோடு புத்தகம் தீர்ந்தது. புதுசு வரும், வரும் என்று அவர் கம்பெனி மேனேஜர் ஆழ்வாரப்பன் சொல்லிக்கொண்டே இருந்தார். அதுவரை வெள்ளைத்தாளில் கார்பன் வைத்து எழுதச் சொன்னார். அவரும் எழுதினார். பெட்டி எண், ஒரு கோடு, எண். சீல், ஒரு கோடு, எண். கதவு, ஒரு கோடு, சரி. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பழக்கினார்கள். தலைப்புக்குப் பின்னால் கோடு இல்லாவிட்டால் சட்டைக்குப் பித்தான் போடாமல் தெருவில் இறங்கியது போல அவருக்கு இருக்கும். குளிர்ப்பெட்டிக்கு மட்டும் இரண்டு கோடு. தலைப்புக்கு ஒன்று, விரல் அகலம் தள்ளி மைனஸுக்கு ஒன்று. அன்றைய சீட்டில் இருந்தது ஒரே கோடு. வெப்பம் - 18. பியூலா பதினெட்டு என்று ஏற்றினாள். சீட்டில் சரக்கின் பெயர் எழுதுவதில்லை, மருந்துப் பெட்டிகள் பிளஸ் பதினெட்டில் போவதுண்டு, அதனால் யாருக்கும் உறுத்தவில்லை. அந்தப் பெட்டியின் வெப்பப் பலகையில் முன்பு வைத்திருந்த எண் அழிந்துபோயிருந்தது. பட்டியல் சொன்ன பதினெட்டையே வைத்தார்கள். புயல் எச்சரிக்கையில் கப்பல் நாலு நாள் தள்ளிப்போயிற்று. ஒரு நாளைக்கு மூன்று முறை ஓர் ஆள் வந்து பெட்டியின் முகப்பைப் பார்த்தான், பட்டியலைப் பார்த்தான். அதிலும் பதினெட்டு, இதிலும் பதினெட்டு. டிக் போட்டான். மொத்தம் பன்னிரண்டு டிக். பன்னிரண்டும் சரி. எல்லாம் சரியாக இருந்துகொண்டிருக்கும்போதே உள்ளே மீன் அழுகிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் காலையில் கதவிடுக்கில் தண்ணீர் சொட்ட, பெட்டியின் கூரை முழுக்கக் காக்கை. அந்த வாடை இன்னும் அவர் மூக்கில் இருக்கிறது. சட்டையை ஆறு தடவை துவைத்தாயிற்று. சட்டையில் இல்லை, மூக்கில்தான் இருக்கிறது, இல்லை, மூக்குக்கும் உள்ளே எங்கேயோ.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். பியூன் கித்தேரியான் தட்டில் இரண்டு டீயோடு வந்தார். "குடியுங்க அண்ணாச்சி. உள்ள சர்வேயர் சார் இன்னும் பேப்பரத்தான் பொரட்டுதாரு. இன்சூரன்ஸ்காரங்க அனுப்புன ஆளு, மெட்ராஸ்லேர்ந்து. ஒண்ண நூறு தடவ பாக்காரு." பியூலா பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா பைய தொறந்து தொறந்து பாக்க? உள்ள கணவா எதுவும் இருக்கா?" "இருந்தா மொத பங்கு உங்களுக்குத்தாண்ணே" என்றாள் பியூலா. "பதினெட்டுல வச்சே தாரேன்." கித்தேரியான் சிரித்தார். "ஆத்தி! பெட்டிய தொறந்த அன்னைக்கு நான்லா பக்கத்துல நின்னேன். மூணு நாள் எம் பொஞ்சாதி என்னைய வீட்டுக்குள்ளயே விடல." அவர் இறங்கிப் போன பிறகும் அந்தச் சிரிப்பு வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றது. அவள் சிரித்தாளா என்று இஞ்ஞாசிமுத்து ஓரக்கண்ணால் பார்த்தார். இல்லை. டீயைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வயது இருக்குமா. பதினேழு நாளாக வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பழி அவள் மேல் விழுந்தால் துறைமுக நுழைவுப் பாஸை ரத்து செய்துவிடுவார்கள், பாஸ் போனால் சுவருக்கு உள்ளே எந்தக் கம்பெனியிலும் வேலை கிடையாது. அவருக்கும் அதே பாஸ்தான், அதே மஞ்சள் கயிற்றில், அதே இடத்தில் தொங்குகிறது. அவர் தலையில் விழுந்தால் அதே கதி. இரண்டு பேரில் ஒருவர். கணக்கு தெளிவாக இருக்கிறது.

"அண்ணாச்சி" என்றாள் பியூலா, சுவரைப் பார்த்தபடியே. "நம்ம பேசிக்கக் கூடாதாம். எங்க ஆபீஸ்ல சொல்லி அனுப்புனாங்க. உங்க ஆபீஸ்லயும் சொன்னாங்களா?"

"ம்."

"அப்ப நான் பேசுதேன், நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு அது ஒண்ணும் கஷ்டமில்ல." சொல்லிவிட்டு அவளே லேசாகச் சிரித்தாள். பிறகு குரல் தணிந்தது. "மத்தவன் எழுதுன சீட்டுன்னா நான் கேட்டுக்கு போன் போட்டு ஒரு வார்த்த கேட்டுக்கிடுவேன் அண்ணாச்சி. உங்க சீட்டுக்கு மட்டும் கேட்டதே இல்ல. மூணு வருஷத்துல ஒரு தடவகூட இல்ல. அதத்தான் உள்ள சொல்லப் போறேன். வேற என்ன சொல்லன்னு தெரியல."

அவர் டீயைக் குடித்தார். சூடு நாக்கைச் சுட்டது, அதுவும் நல்லதுக்குத்தான், சுட்ட நாக்கு பேச வேண்டியதில்லை. மூன்று வருஷம் கேட்காதவள் ஒரு தடவை கேட்டாள், அது அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. சொன்னவர்களுக்கு எதுவும் ஞாபகம் இருப்பதில்லை. அந்தப் பெட்டி வருவதற்கு ஒரு வாரம் முன்னால் சீட்டுக்கட்டை வாங்க அவளே கேட்டுக்கு வந்தாள். செக்யூரிட்டி இருந்தான், டிரைவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எதுக்கு அண்ணாச்சி ரெண்டு ரெண்டு கோடு? ரயிலா விடப் போறிய?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே காது சுட்டதை யாரும் பார்க்கவில்லை. வேடிக்கைக்குச் சொன்னது, அதில் ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த முதல் குளிர்ப்பெட்டி இதுதான். அப்படியானால் எழுதும்போது அந்தச் சிரிப்பு கைக்குள் வந்து உட்கார்ந்திருக்கலாம். இரண்டு எதற்கு, ஒன்று போதும் என்று கை தலைப்புக் கோட்டை விட்டுவிட்டு மைனஸை மட்டும் போட்டிருக்கலாம். அப்படியென்றால் அது மைனஸ். அவர் எழுதியது சரி, அவள் படித்தது தப்பு. இல்லை, வேறு மாதிரியும் நடந்திருக்கலாம். வெப்பம் என்று எழுதி, பழக்கத்தில் தலைப்புக்குக் கோடு போட்டு, பேனாவை எடுத்து, விரல் அகலம் தள்ளி வைக்கப் போகும்போது பின்னால் நின்ற லாரிக்காரன் ஹார்ன் அடித்திருக்கலாம். அடித்தான், அது நிச்சயம். பச்சை நிற முகப்பு, உப்பு ஏற்றின லாரி. ஆனால் கோட்டுக்கு முன்னால் அடித்தானா, பின்னால் அடித்தானா? நிமிர்ந்து பார்த்தார், "பொறுப்பா" என்றார், குனிந்தார், பதினெட்டு என்று எழுதினார். குனிந்தபோது தாளில் ஒரு கோடு இருந்தது. கோடு இருந்ததால் போட்டாயிற்று என்று கண் நினைத்திருக்கும். அப்படியென்றால் அது வெறும் கோடு. அவர் எழுதியது தப்பு. சீட்டைப் பற்றி முதலில் கேட்டபோதே அது எழுதி ஐந்து நாள் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு இருநூற்றுப் பதினாலு சீட்டு எழுதியிருந்தார். ஐந்து நாள் பழைய அரை நொடியை எங்கே போய்த் தேடுவது? கார்பன் பிரதியைத் தினமும் காலை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார். மைனஸ் என்றால் எண்ணை ஒட்டி நிற்கும், தலைப்புக் கோடு என்றால் சொல்லை ஒட்டி நிற்கும். இது இரண்டுக்கும் நடுவில் நின்றது. ஸ்கேல் வைத்து அளந்தார். சொல்லிலிருந்து ஆறு மில்லிமீட்டர். எண்ணிலிருந்து ஆறு மில்லிமீட்டர்.

ஆழ்வாரப்பனுக்கு இந்த ஆறு மில்லிமீட்டர் எல்லாம் தேவையில்லை. நேற்று கேட்டுக்கு வந்து, இதுவரை செய்யாத மாதிரி தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். "ஒரே வார்த்த அண்ணாச்சி. மைனஸ். அவ்வளவுதான். உங்கள பொய்யா சொல்லச் சொல்லுதேன்? கணவாய்க்கு மைனஸ்னு உங்களுக்குத் தெரியாதா?" தெரியும் என்றார். "அப்ப மைனஸ நெனச்சுத்தான எழுதியிருப்பிய?" நினைத்துத்தான் எழுதியிருப்பார். அதில் பொய் இல்லை. "அந்தப் பிள்ளைக்குச் சின்ன வயசு, எங்கயாவது பொழச்சுக்கிடும். உங்கள இந்த வயசுல யாரு கூப்பிடுவா? அந்தச் சீட்டுப் புஸ்தகம் பேச்ச மட்டும் எடுத்துராதிய." அந்தக் கையின் கனம் இன்னும் தோளில் இருக்கிறது. கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னதும் உண்மைதான். இந்த வயதில் யார் கூப்பிடுவார்கள். கூப்பிடுவது என்றால் வேலைக்கு மட்டும் இல்லை. காலை ஏழிலிருந்து மாலை மூன்றுக்குள் கேட்டில் நாற்பது பேராவது அண்ணாச்சி என்று கூப்பிடுகிறார்கள். அண்ணாச்சி சீட்டு, அண்ணாச்சி சீக்கிரம், அண்ணாச்சி சாப்பிட்டியளா. மூன்று மணிக்கு மேல் ஒருவரும் இல்லை. அறைக்குப் போய்ப் பூட்டைத் திறந்தால் மறுநாள் காலையில் டிரைவர் ஒருவன் கூப்பிடும் வரைக்கும் தன் பெயர் தனக்கே காதில் விழாது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் பக்கத்தில் நிற்பவர் சமாதானம் சொல்லும்போது கை கூப்புவார், அதோடு சரி. கல்யாணம் ஆகவில்லை. ஆகாமல் போனதும் இப்படி ஒன்றால்தான். இருபத்தொன்பது வயதில் வீரபாண்டியன்பட்டணத்துக்குப் பெண் பார்க்கக் கூட்டிப்போனார்கள். ரெஜினாள் என்று பெயர். காப்பி கொண்டு வந்து வைத்தாள், இரண்டாவது தம்ளர் லேசாகத் தளும்பியது, அவள் அதைத் தன் முந்தானையால் துடைத்தாள். அந்தத் துடைத்தல் அவருக்குப் பிடித்திருந்தது. அவளுடைய மாமா, "என்ன மாப்பிள்ள, பிடிச்சிருக்கா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். வெட்கத்தில் இவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆமாம் என்றுதான் குனிந்தார். வீட்டுக்காரர்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள், பிறகு பேச்சு மழையைப் பற்றிப் போயிற்று. மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லை என்று அவர்களே எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் அவளுக்குக் காயல்பட்டணம் பக்கம் எங்கேயோ முடிந்தது. அவளைப் போய்க் கேட்க முடியுமா, நான் குனிந்ததை நீ ஏன் தப்பாகப் படித்தாய் என்று? முப்பத்தேழு வருடம் ஆயிற்று. அதற்குப் பிறகும் பெண் பார்த்தார்கள், இவர்தான் போகவில்லை. மறுபடி யாராவது கேட்டால், மறுபடி தலை குனிந்துவிட்டால்? மைனஸ் என்று ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் நாளைக்குக் காலை ஏழு மணிக்குக் கேட்டில் உட்காரலாம். பியூலா இருக்க மாட்டாள், வேறு யாராவது சீட்டு வாங்க வருவார்கள், அவர்களும் அண்ணாச்சி என்பார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் நிமிர்ந்து பார்ப்பார். மூணு வருஷத்துல ஒரு தடவகூட கேட்டதே இல்ல என்றாளே. டீ ஆறிப்போய் மேலே ஆடை படிந்திருந்தது. பியூலா இப்போது ஜிப்பைத் தொடவில்லை. கடைசியாக எண்ணியது பதினாலு. நடுவில் விட்டுப்போயிருக்குமோ.

கதவு திறந்தது. "இஞ்ஞாசிமுத்து யாருங்க? உள்ள வாங்க."

உள்ளே குளிர். நீள மேசைக்கு ஒரு பக்கம் ஆழ்வாரப்பன், எதிரே யார்டு கம்பெனி ஆள், நடுவில் சர்வேயர். நாற்பது வயது இருக்கும், கண்ணாடி போட்டவர், குரலில் கடுமை இல்லை. மேசைமேல் பிளாஸ்டிக் உறைக்குள் அந்தச் சீட்டு. தூரத்திலிருந்தே தெரிந்தது, இடப்பக்கம் தாழ்ந்து வலப்பக்கம் ஏறுகிற கோடு. "உக்காருங்க ஐயா. பயப்பட ஒண்ணுமில்ல. நீங்க சொல்றத நான் தமிழ்லயே எழுதிக்கிறேன், படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார் சர்வேயர். வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தார். பெயர் கேட்டார், இவர் சொன்னார். வயது கேட்டார், சொன்னார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார், சொன்னார். அடுத்தவர் எழுதுவதைத் தலைகீழாகப் படிப்பது இஞ்ஞாசிமுத்துவுக்குக் கேட்டில் பழகிப்போன ஒன்று. பெயர் - இஞ்ஞாசிமுத்து. வயது - 66. படிப்பு - 8.

அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். சர்வேயர் அடுத்த கேள்வியைக் கேட்டது காதில் விழவில்லை. வயது, கோடு, அறுபத்தாறு. இதை யார் படித்தாலும் அறுபத்தாறு என்றுதான் படிப்பார்கள். சர்வேயர் எதை நினைத்து அந்தக் கோட்டைப் போட்டார் என்று யாரும் ஒரு நொடி நிற்க மாட்டார்கள். படிப்பு, கோடு, எட்டு. பதினேழு நாளாகக் காலையில் ஜன்னலோரம் நின்று தன் தலைக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தவருக்கு, அந்தச் சீட்டைப் பியூலாவின் மேசையிலிருந்து பார்க்கலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. இப்போது பார்த்தார். பெட்டி எண், கோடு. சீல், கோடு. கதவு, கோடு. நாலாவது வரியில் மட்டும் கோட்டுக்கு வேறு அர்த்தம் என்று அவளுக்கு யார் சொன்னது? மூன்று வரி அவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து நாலாவது வரியில் விட்டிருந்தது.

"ஐயா, உங்களத்தான்" என்றார் சர்வேயர். சீட்டை அவர் பக்கம் நகர்த்தினார். "இந்தப் பதினெட்டுக்கு முன்னாடி இருக்கே, இது மைனஸா, இல்ல வெறும் கோடா?"

ஆழ்வாரப்பன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

"கோடு சார்."

"அண்ணாச்சி, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் ஆழ்வாரப்பன்.

"பதினேழு நாள் யோசிச்சாச்சு."

"ஒரு நிமிஷம்" என்றார் சர்வேயர். பேனாவைக் கீழே வைத்தார். "நல்லாப் புரிஞ்சுதான் சொல்றீங்களா? இது உங்க வாக்குமூலம். இத வச்சுத்தான் பொறுப்பு யாருன்னு நான் எழுதணும். கணவாய்க்கு மைனஸ் பதினெட்டுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அப்ப மைனஸ்னு நெனச்சுத்தானே எழுதியிருப்பீங்க?"

காது சுட்டது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலை தானாகக் குனியப் பார்த்தது. அவர் அதைக் குனியவிடவில்லை.

"நெனச்சது எனக்குள்ள இருக்கு சார். சீட்டுல இல்ல. அந்தப் பிள்ள சீட்டத்தான பாக்க முடியும்?"

சர்வேயர் கீழே வைத்த பேனாவை மறுபடி எடுத்தார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். "மார்ச்சுலேர்ந்து அச்சடிச்ச புஸ்தகம் இல்ல சார், அதையும் எழுதிக்கோங்க" என்றார் இஞ்ஞாசிமுத்து. ஆழ்வாரப்பன் பக்கம் அவர் பார்க்கவில்லை. நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் மட்டும் காதில் விழுந்தது. எழுதி முடித்துத் தாளை நீட்டினார்கள். இரண்டு பக்கம். அவர் ஒவ்வொரு வரியாக, உதடு அசைய, முழுவதையும் படித்தார். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினார். "புயல் எச்சரிக்கைல கப்பல் அஞ்சு நாள் தள்ளிப்போச்சுன்னு போட்டிருக்கிய. நாலு நாள்." சர்வேயர் அடித்துத் திருத்திப் பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டார். இவர் கீழே தன் பெயரை முழுதாக எழுதினார். பாஸைக் கழற்றி வைக்க வேண்டுமா என்று கேட்டார். அதெல்லாம் இப்போது வேண்டாம், கம்பெனியிலிருந்து சொல்வார்கள் என்றார்கள்.

வெளியே வந்ததும் பியூலா எழுந்துவிட்டாள். டீ தம்ளர் இன்னும் அவள் கையில் இருந்தது, குடிக்காமலே. அவர் முகத்தைப் பார்த்தாள், அதில் ஒன்றும் படிக்க முடியவில்லை போல.

"என்ன அண்ணாச்சி கேட்டாங்க? ரொம்ப நேரமாச்சே. திட்டுனாங்களா?"

அவர் மஞ்சள் கயிற்றைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். அவளிடம் இவ்வளவு அருகில் நின்று ஒரு முழு வாக்கியம் பேசியது எப்போது என்று ஞாபகமில்லை.

"உள்ள போம்மா" என்றார். "பேரு கேப்பாங்க, வயசு கேப்பாங்க. அதுக்கு மேல உங்கிட்ட கேக்க ஒண்ணுமில்ல."